ஐந்தடித் தொட்டியா, ஐந்தரை அடித் தொட்டியா?

தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறிய மலேசியாவின் சுங்கை சிப்புட் உறவுகள் குளியலறையைப் புதுப்பிக்கும்போது கேட்பது: 1500 மில்லிமீட்டர் நீளக் குளியல் தொட்டி (பாத்டப்) போதுமா, 1700 வேண்டுமா?

இடம்
1500: ஐந்தடிச் சுவருக்குள் அடங்கும். ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு அளந்து பாருங்கள். பூச்சும் டைலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தின்றுவிடும்.
1700: ஐந்தேமுக்கால் அடி வேண்டும்.

தண்ணீர்
1500: சுமார் 150 லிட்டர்.
1700: சுமார் 200. அதாவது 200 கிலோ. மாடியில் வைப்பதென்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

சுடுநீர்
பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஷவருக்கு மாட்டும் 3.6 கிலோவாட் ஹீட்டர், 27 டிகிரி தண்ணீரை 40க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் தரும். சின்னது நிறைய 40 நிமிடம், பெரியது நிறைய 50. அதற்குள் முதலில் விழுந்த நீர் ஆறிப்போகும். சுடுநீரை முன்பே சூடாக்கிச் சேர்த்துவைக்கும் சேமிப்பு ஹீட்டர்தான் சரி: பச்சைத் தண்ணீரோடு கலந்துகொள்ள, 60 டிகிரியில் சின்னதற்கு 60 லிட்டர், பெரியதற்கு 80.

உட்காரும் ஆள்
என் அம்மா ஐந்தடிகூட இல்லை. கடையில் 1700இல் உட்கார வைத்துப் பார்த்தேன்; பாதம் எதிர்முனையைத் தொடாமல் சறுக்கினார். 1500இல் காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டித் தேய்ந்த முட்டிகள் அவருடையவை, அதனால் கைப்பிடியும் சேர்த்தே வாங்கினோம்.

வயதானவர்களுக்கும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் 1500. ஐந்தேமுக்கால் அடிக்கு மேல் உயரமானவர் காலை நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் மட்டும், கீழ்த்தளத்தில், 1700.