வன்னி ரோட்டுக்கு எந்தப் பனியர் தாங்கும்? ஓர்ட்லீப் பாக் ரோலர் பாவிச்சுப் பாத்தது

சைக்கிள்ல சாமான் கட்டிக்கொண்டு தூரப் பயணம் போறதுக்கு கரியரில ரெண்டு பக்கமும் தொங்கவிடுற பை, அதான் இந்தப் பனியர், எது நல்லம் எண்டு கனபேர் கேக்கினம். கேக்கிற எல்லாரும் முதல் கேக்கிறது எத்தினை லீற்றர் எண்டுதான். வன்னிக்குள்ள ஓடுறதெண்டா லீற்றரைக் கடைசியாக் கேளுங்கோ. முதல் கொழுக்கியைப் பாருங்கோ, பிறகு அந்தக் கொழுக்கி தொங்கப்போற கரியரைப் பாருங்கோ, பிறகு தண்ணியும் தூசியும் உள்ளுக்க போகுமோ எண்டு பாருங்கோ. இந்த மூண்டும் சரியெண்டா மிச்சமெல்லாம் அவரவர் விருப்பம்.

நான் இப்ப பாவிக்கிறது ஓர்ட்லீப் பாக் ரோலர் கிளாசிக். ஜேர்மன் சாமான், சோடி 40 லீற்றர், அதாவது ஒரு பை 20. அங்க இருக்கிற மச்சான் லீவில வரேக்க இந்தப் பைக்க உடுப்பைத் திணிச்சு சூட்கேஸ் மாதிரியே பாவிச்சுக் கொண்டு வந்து தந்தவர். எங்கட பக்கத்துச் சைக்கிள் கடையில இந்தப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது, அதால வெளிநாட்டில ஆராவது சொந்தம் இருந்தா அவையைப் பிடிக்கிறதுதான் வழி, சொந்தமில்லாத வன்னி ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம் சொல்லுங்கோ.

இதில எனக்குப் பிடிச்சது கொழுக்கி. மேல ரெண்டு கொழுக்கி, ரெண்டையும் சேத்து ஒரு கைபிடி நாடா. நாடாவைப் பிடிச்சுத் தூக்கினா கொழுக்கி தானாத் திறக்கும், கரியர் கம்பியில வச்சுக் கையை விட்டா தானாப் பூட்டும், பிறகு எவ்வளவு கிடங்குக்க விழுந்தாலும் துள்ளிக் கழராது. கீழ ஒரு சின்னக் கை மாதிரி ஒண்டு இருக்கு, அது கரியரின்ர நிமிந்த கம்பிக்குப் பின்னால போய் நிண்டு பை வெளியால ஆடாமப் பிடிக்கும். கம்பியின்ர தடிப்புக்கு ஏத்தமாதிரி 8, 10, 12 மில்லிமீற்றருக்கு சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு தந்திருப்பினம், அதைச் சரியாப் போடாமல் ஓடிப்போட்டு "டக் டக் எண்டு சத்தம் போடுது, கூடாத சாமான்" எண்டு சொல்லக்கூடாது. துண்டு போட்டும் கொஞ்சம் ஆடினா பழைய ரியூப்பை நாடாவா வெட்டி கொழுக்கி இருக்கிற இடத்தில கம்பியைச் சுத்தி விடுங்கோ. கிரவல் தூசி கொழுக்கிக்கும் கம்பிக்கும் நடுவில போய் நிண்டுதெண்டா அரம் மாதிரி அராவும், முதல் பெயின்ற் போகும், பேந்து கம்பியே தேயும்.

இதுக்கு முந்தி ஒரு மலிவுப் பை வச்சிருந்தனான், பேர் வேண்டாம். படத்தில பாத்தா இதை விட வடிவு, பொக்கற் மட்டும் கணக்கில்லை. ஆனா கொழுக்கியை வெறும் துணியோட ரிவெற் அடிச்சிருந்தவை, பின்னால தகடு ஒண்டும் இல்லை. முத்தையன்கட்டுப் பக்கம் கிரவலில ஓடேக்க ரிவெற் துணியைக் கிழிச்சுக்கொண்டு வந்திட்டுது, பை ஒரு கொழுக்கியில தொங்கி சில்லுக் கம்பிக்குள்ள போகப் பாத்தது. நல்லகாலம் மெதுவா ஓடினபடியால தப்பினது. அதால எந்தப் பையை வாங்கினாலும் கையை உள்ளுக்க விட்டு முதுகுப் பக்கத்தைத் தடவிப் பாருங்கோ, கெட்டியான பலகையோ தகடோ இருக்கோணும், கொழுக்கி அதில போல்ட் போட்டு இறுக்கியிருக்கோணும்.

தண்ணி விசயம். எங்கட மாரி என்ன மாதிரி எண்டு தெரியும்தானே, ஐப்பசி கார்த்திகையில வானம் பிரிச்சுக் கொட்டினா ஒட்டுசுட்டானில இருந்து முள்ளியவளைக்குப் போறதுக்குள்ள சைக்கிளும் ஆளும் சேறாப் போயிடும். கிளாசிக் பிவிசி பூசின துணி, பொருத்தெல்லாம் நூல் போட்டுத் தைக்கேல்லை, சூட்டில ஒட்டினது, அதால ஊசி ஓட்டை எண்ட கதையே இல்லை. வாயை மடிச்சுச் சுருட்டிப் பூட்டுறது. முழங்காலால அமத்திக் காத்தை வெளியேத்திப்போட்டு குறைஞ்சது மூண்டு சுத்துச் சுத்துங்கோ, ஒரு சுத்துச் சுத்திப் பூட்டினா பூட்டாத மாதிரித்தான். அப்பிடிச் செய்தா வெளியால செம்மண் பூசி மெழுகின மாதிரிக் கிடந்தாலும் உள்ளுக்க சாறம் காஞ்சபடி கிடக்கும். மழைக்குத்தான் சொல்லுறன், குளத்துக்க விழுந்தா அது வேற கதை. வெயில் காலத்துத் தூசிக்கும் இதே சுருட்டல்தான் மருந்து, சிப் வச்ச பையெண்டா சிப் பல்லுக்க தூசி இறங்கி கொஞ்ச நாளில இழுபடாது.

குறை இல்லாமலில்லை. கிளாசிக்கில வெளிப் பொக்கற் இல்லை, காத்துப்போன ரியூப்புக்கு ஒட்டு ஒண்டு போடுறதெண்டாலும் முழுச் சுருட்டையும் அவிட்டு அடிவரை கிண்டோணும். வெளிப் பொக்கற் தனியா விக்கினம், அதுக்குத் தனிக் காசு. மற்றது காத்துப் போகாத பை எண்டதால ஈர உடுப்பை உள்ளுக்க வச்சு ஒருநாள் வெயிலில ஓடினா பின்னேரம் திறக்கேக்க வாற மணத்தைச் சொல்லி வேலையில்லை. கறுப்பு நிறம் எடுக்காதேங்கோ, பங்குனி சித்திரை வெயிலில உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அவிஞ்சுபோம், எனக்கு மஞ்சள்தான் விருப்பம், பின்னால வாற பஸ்காரனுக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் வெளிச்சம் பட்டா மினுங்கிற துண்டு ஒட்டியிருக்கு, இருட்டில ஏ9 பெருந்தெருவில ஓடவேண்டி வந்தா அது உயிரைக் காக்கிற சாமான், ஆனா கனகராயன்குளம் மாங்குளம் பக்கம் இருட்டில ஓடாமல் இருக்கிறதுதான் புத்தி, யானைக்கு ஓர்ட்லீப்பும் ஒண்டுதான் உரப்பையும் ஒண்டுதான்.

இனிப் பெரிய பைக்கு வருவம். இதே கொம்பனி பாக் ரோலர் ப்ரோ பிளஸ் எண்டு சோடி 70 லீற்றரில செய்யுது. கேக்க ஆசைதான். ஆனா பை பெருசா இருந்தா நிரப்பாமல் இருக்க மனசு விடாது, எல்லாப் பாரமும் பின் சில்லுக்குப் போகும், முன் சில்லு பாரமில்லாமல் அலையும், பின் சில்லுக் கம்பி ஒவ்வொண்டா அறும். குதிக்காலும் பையில இடிபடும், அதுக்காகப் பையைப் பின்னுக்குத் தள்ளினா ஆட்டம் இன்னும் கூடும். சோளகக் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற நேரம் பூநகரியில இருந்து மன்னார்ப் பக்கம் திரும்பிப் பாருங்கோ, எதிர்க்காத்துக்கு அந்தப் பை வள்ளத்தில பாய் விரிச்ச மாதிரி நிக்கும். பளையில காத்தாடி நட்டு மின்சாரம் எடுக்கிற காத்து அது, விளையாட்டில்லை. கூடாரம், சமையல் சாமான் எல்லாம் கொண்டுபோறதெண்டா பின்னுக்கு இந்த 40ஐயும் முன்னுக்கு ஸ்போர்ட் ரோலர் எண்ட 25 லீற்றர்ச் சோடியையும் போடுங்கோ, மொத்தம் 65 வருது, பாரமும் பிரிஞ்சு நிக்கும். அரிசி, பருப்பு, டூல்ஸ் எல்லாம் அடியில, உடுப்பு மேல. எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, 1995 இடப்பெயர்வில சைக்கிள்ல வீட்டையே ஏத்திக்கொண்டு வன்னிக்கு வந்த சனம்.

வேற கொம்பனி எண்டா கனடாக்காரன்ர ஆர்கெல் ஜிடி-54 இருக்கு, பேரில இருக்கிற மாதிரி 54 லீற்றர், பொக்கற் கனக்க, அலுமினியக் கொழுக்கி, அடுக்கி வைக்கிற ஆக்களுக்குப் பிடிக்கும், ஆனா மழைக்கு மேல உறை போடோணும். இங்கிலாந்துக் கரடைஸ் 1932இல இருந்து பை தைக்கிறவை, மெழுகு பிடிச்ச தடிச்ச பருத்தித் துணி, கிழிஞ்சா சப்பாத்துத் தைக்கிற ஐயாவே தைச்சுத் தந்திடுவார், அது பெரிய விசயம். பிவிசியை ஊசியால தைச்சா தண்ணி போகும், அதுக்குப் பிவிசிப் பசை வேணும், ரியூப் ஒட்டுற சொலூசன் அதில பிடியாது, ரெண்டு நாளில உரிஞ்சு வந்திடும்.

கரியரைப் பற்றிச் சொல்லாட்டி இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை. பைக்குக் காசைக் கொட்டிப்போட்டு அதை அலுமினியக் கரியரில தொங்கவிடுற ஆக்களைக் கண்டிருக்கிறன். இரும்புக் கரியர் எடுங்கோ. ரூபஸ் கார்கோ எண்ட கரியர் 40 கிலோ தாங்கும் எண்டு கொம்பனியே சொல்லுது, குரோமோலி இரும்புக் குழாய். முறிஞ்சாலும் புதுக்குடியிருப்பிலயோ விசுவமடுவிலயோ கேற் அடிக்கிற வெல்டிங் கடையில ஒட்டலாம், மெல்லிசுக் குழாய் எண்டதால ஓட்டை விழாமல் கறன்ரைக் குறைச்சு ஒட்டச் சொல்லுங்கோ, அவைக்கு விளங்கும். அலுமினியம் அந்தக் கடையில ஒட்டேலாது. எங்கட ஊர்ச் சைக்கிள்ல வாற தடிச்ச கரியர் பாரம் தாங்கும்தான், ஆனா கம்பி தடிப்புக் கூட, ஓர்ட்லீப் கொழுக்கி 16 மில்லிமீற்றருக்கு மேல பிடியாது, அளந்து போட்டு ஓடர் பண்ணுங்கோ. கிரவலில ஓடின அண்டு பின்னேரம் எலன் கீயால கரியர் போல்ட் எல்லாத்தையும் ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ, ஒண்டாவது இளகித்தான் இருக்கும்.

முறிகண்டியடியில எல்லாரும் நிப்பாட்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிறதுதானே, அப்ப பையைக் கழட்டிக் கையில கொண்டுபோங்கோ. உங்களுக்கு ஒரு இழுவையில கழருதெண்டா மற்றவனுக்கும் ஒரு இழுவைதான். பூட்டுற கம்பி தனியா விக்கினம், நான் வாங்கேல்லை. அந்தக் காசுக்கு மேல் கொழுக்கி ஒரு சோடியும் அதுக்குரிய ஸ்குறூவும் மேலதிகமா வாங்கி பையோடயே அனுப்பச் சொல்லுங்கோ, இஞ்ச ஒண்டு உடைஞ்சா அடுத்த மச்சான் லீவில வருமட்டும் காத்திருக்கோணும்.