மீட்டரைத் தேடி ஆள் போக வேண்டாம்: வை-சன், என்பி-ஐஓடி, லோராவான்

ஸ்மார்ட் மீட்டர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தபோது மூன்று பெயர்கள் முன்னே நின்றன: வை-சன், என்பி-ஐஓடி, லோராவான். நீண்ட சோதனைக்குப் பிறகு வை-சன்னை எடுத்தோம். அது எட்டாத ஒதுக்குப்புற மீட்டர்களுக்கு மட்டும் செல்பேசிக் கோபுரத்தை நம்பினோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன். வை-சன் பக்கம் சாய்ந்தவன்தான் நான். எந்தக் கணக்கு என்னைச் சாய்த்தது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

வீச்சு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்ற அட்டவணைகள் எங்கும் கிடைக்கின்றன. கால் மணி நேரத்துக்கு ஓர் அளவீடு என்றால் ஒரு மீட்டருக்கு நாளொன்றுக்கு 96 எண்கள். ஒழுங்காகத் திட்டமிட்டால் மூன்றுமே இவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வீட்டுக்குள் விளக்கோடும் ஏசியோடும் பேசும் ஜிக்பீ, த்ரெட், மேட்டர் ஆகியவை வேறு வேலைக்கு உரியவை. மின் விநியோக நிறுவனத்தின் மையக் கணினிவரை போகும் பாதைக்கு அவை போட்டியே இல்லை. இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

மூன்றின் குணத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

வை-சன்னின் அடித்தளம், ஐஇஇஇ அமைப்பின் 802.15.4 என்னும் கம்பியில்லாத் தொடர்புத் தரநிலைக்கு 2012-ல் வந்த ‘ஜி’ என்னும் திருத்தம். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, உரிமம் தேவைப்படாத அலைவரிசைகளில் இயங்குகிறது. வழக்கமான வேகம் நொடிக்கு 50 முதல் 300 கிலோபிட். ஒவ்வொரு மீட்டரும் பக்கத்து மீட்டரின் செய்தியை வாங்கி அடுத்ததிடம் கைமாற்றும். கடைசியில் அது, மின்கம்பத்திலோ மின்மாற்றியிலோ பொருத்தப்பட்டு மையக் கணினிக்குச் செய்தியைக் கடத்தும் கேட்வேயை அடையும். இதைத்தான் மெஷ் என்கிறோம். பழைய 802.15.4-ல் ஒரே முறையில் அனுப்பக்கூடியது 127 பைட் மட்டுமே. ‘ஜி’ திருத்தம் அதை 2047 ஆக்கியது. இணையத்தின் முகவரி முறையான ஐபிவி6-இன் முழுப் பொட்டலம் ஒன்றைத் துண்டுபோடாமல் அனுப்ப வழிசெய்தது இந்த ஒரு மாற்றம்தான். அதன் அருமை பின்னால் புரியும்.

என்பி-ஐஓடி செல்பேசிக் கோபுரங்கள் வழியே பேசும் முறை. செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2016-ல் முடித்த 13-ஆம் வெளியீட்டில் பிறந்தது. 180 கிலோஹெர்ட்ஸ் அகலமே போதும். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, பழைய 2ஜி தரவுச் சேவையான ஜிபிஆர்எஸ் தாங்கியதைவிட 20 டெசிபல் கூடுதலான சைகை இழப்பைத் தாங்குகிறது. நிலத்தடி அறையில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் மீட்டர்கூடக் கோபுரத்தோடு பேசும். நாம் ஒரு கேட்வேகூட நட வேண்டியதில்லை. தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

லோராவான் அலைவரிசையைச் சீராக ஏற்றி இறக்கும் சிற்றொலி போன்ற சைகைகளால் பேசுகிறது. வேகம் மிகக் குறைவு. எட்டும் தூரம் மிக அதிகம். 2021-ல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதைத் தன் பரிந்துரையாகவும் ஏற்றுக்கொண்டது. பாட்டரியில் ஓடும் நீர் மீட்டர், மண் ஈரமானி போன்றவற்றுக்கு இதன் மேல் எனக்கு நிறைய மதிப்பு உண்டு.

இனி முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்.

மின்மீட்டர் ஒருமுறை சுவரில் ஏறினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கும். அந்தக் காலம் முழுவதிலும் ஒரு மனிதர் எத்தனை முறை அந்த மீட்டரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்? என் பார்வையில் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. முந்தைய திட்டம் ஒன்றில் எங்கள் மீட்டர்கள் 2ஜி மோடத்தில் ஓடின. சேவை நிறுவனம் ஒருநாள் அந்த வலையமைப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அது அவர்கள் உரிமை. ஆனால் அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூட்டிய வீட்டின் முன் காத்திருப்பது, முத்திரையை உடைப்பது, மோடத்தை மாற்றுவது, மறுபடி முத்திரையிடுவது, மீட்டர் எண்ணையும் புதிய சிம் எண்ணையும் பிழையில்லாமல் பதிவது. ஒரு மீட்டருக்கு இருபது நிமிட வேலை. அதற்கு மூன்று முறை போய்வர வேண்டியிருந்த வீடுகள் உண்டு. மோடத்தின் விலை அந்த உழைப்புக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

என்பி-ஐஓடிக்கும் இதே அச்சம் இருக்கிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஜப்பானின் என்டிடி டோகோமோ தன் என்பி-ஐஓடி சேவையை 2020 மார்ச்சில் நிறுத்தியது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டு, எல்டிஇ-எம் என்னும் இன்னொரு செல்பேசி முறைக்கு மாறும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தொழில்நுட்பம் தோற்றதால் இது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. தரநிலை இன்றும் உயிரோடு இருக்கிறது. 5ஜி குடும்பத்திலும் அதற்கு இடம் உண்டு. பல நாடுகளில் இந்தச் சேவை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஏட்டில் இருக்கும் தரநிலை வேறு, நம் தெருக்கோடிக் கோபுரத்தில் ஓடும் சேவை வேறு. அந்தக் கோபுரத்தின் திறவுகோல் நம் கையில் இல்லை. இசிம் இருந்தால் போதுமே என்பார்கள். இசிம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற உதவும். எல்லா நிறுவனங்களும் ஒரு தலைமுறைத் தொழில்நுட்பத்தையே கைவிட்டால் இசிம் என்ன செய்யும்?

பொதுச் சேவையாக ஓடும் எந்த வலையமைப்புக்கும் இது பொருந்தும். கருவிகளுக்கான வலையமைப்பை நடத்திய சிக்ஃபாக்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் நொடிப்பு நிலைக்குப் போய், அந்த ஏப்ரலில் யூனாபிஸ் கைக்கு மாறியபோது, அதை நம்பிக் கருவிகளை நட்டவர்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

லோராவானில் இந்தக் குறை இல்லை. கேட்வேக்களை நாமே நட்டுக்கொள்ளலாம், நாமே வைத்துக்கொள்ளலாம். அங்கே தடை வேறு இடத்தில் வருகிறது: ஃபர்ம்வேர், அதாவது மீட்டருக்குள் ஓடும் மென்பொருள்.

பதினைந்து ஆண்டுகளில் மீட்டரின் ஃபர்ம்வேரை மாற்றாமல் இருக்க முடியாது. கட்டண முறை மாறும், பாதுகாப்பு ஓட்டைகள் தெரியவரும், சூரியத் தகடு வைத்த வீடுகளுக்குப் புதிய அளவீடுகள் தேவைப்படும். 500 கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வை-சன்னின் நொடிக்கு 50 கிலோபிட் வேகத்தில் ஒரு தாவலுக்கு, அதாவது ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குப் போக, அது 80 நொடி வேலை. தலைப்புகள், மறுஅனுப்பல்கள், நெரிசல் எல்லாம் சேர்ந்து பல மடங்கானாலும் ஓரிரு இரவுகளில் ஒரு பகுதியை முடித்துவிடலாம். லோராவானின் மிக மெதுவான நிலையில் வேகம் நொடிக்கு 250 பிட். அதே கோப்புக்கு 16,000 நொடி, அதாவது ஏறக்குறைய நாலரை மணி நேரம். இது இடைவிடாமல் ஒலிபரப்ப அனுமதி இருந்தால். ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும்பாலான தடங்களில் நேரத்தின் ஒரு சதவீதம் மட்டுமே ஒலிபரப்பலாம். அப்படியானால் பதினெட்டு நாட்களுக்கு மேல் ஆகும். பத்து சதவீதம் அனுமதிக்கும் குறுகிய பகுதி ஒன்றும் உண்டு. அதில் இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் கேட்வே ஒலிபரப்பும் நேரத்திலெல்லாம் மீட்டர்கள் சொல்வதைக் கேட்க முடியாது; வழக்கமான கேட்வேக்கள் பேசும்போது கேட்பதில்லை.

நியாயமாகச் சொன்னால், ஒரே ஒலிபரப்பை ஆயிரம் மீட்டர்கள் சேர்ந்து கேட்க லோராவானில் வழி இருக்கிறது. அருகில் உள்ள மீட்டர்களுக்கு இருபது மடங்குக்கு மேல் வேகமான நிலைகளும் இருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பும்போது கடைக்கோடி மீட்டரின் வேகத்துக்கு இறங்கி வந்தாக வேண்டும். ஃபர்ம்வேரில் சில நூறு பைட் மாறினால் வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாம். பெரிய மாற்றம் வந்தால், ஆள்தான் போக வேண்டும்.

இன்னொரு செலவும் நெருங்கி வருகிறது: வந்த ஃபர்ம்வேர் உண்மையானதுதானா என்று மீட்டர் சரிபார்க்க உதவும் மின்னணுக் கையொப்பம். குவாண்டம் கணினியைத் தாங்கக்கூடிய கையொப்ப முறைகளை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2024 ஆகஸ்டில் தரநிலைகளாக வெளியிட்டது. இன்று பரவலாக உள்ள இசிடிஎஸ்ஏ கையொப்பம் 64 பைட். புதிய எம்எல்-டிஎஸ்ஏ முறையில் சிறிய கையொப்பமே 2420 பைட். மெதுவான நிலையில் ஒரு முறைக்கு 51 பைட் மட்டுமே சுமக்கும் லோராவானில் ஒரு கையொப்பத்துக்கு 48 பொட்டலங்கள் போக வேண்டும். வை-சன்னில் இரண்டு போதும். இன்று நடும் மீட்டர் 2040-லும் சுவரில் இருக்கும் என்றால், இந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்ப்பது நம் கடமை.

வை-சன் என்ற பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. ‘802.15.4ஜி இணக்கம்’ என்று எழுதிக் கொடுத்த ஒரு விற்பனையாளரின் கருவி, இன்னொருவரின் கருவியோடு ஒரு சொல்கூடப் பேசாததை எங்கள் சோதனைக்கூடத்திலேயே பார்த்தோம். அவர் எழுதியது பொய்யில்லை. அந்தத் திருத்தம் வானொலி அடுக்கை மட்டுமே வரையறுக்கிறது. அதற்கு மேலே முகவரி, பாதை தேடல், சாவி பரிமாற்றம் ஆகியவற்றை அவரவர் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். இவை அனைத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுவது வை-சன் கூட்டமைப்பின் ‘ஃபேன்’ வரையறை. 2021-ல் அது ஐஇஇஇ 2857 என்ற எண்ணில் தனித் தரநிலையும் ஆனது. ஐபிவி6, ஆர்பிஎல் பாதைமுறை, சான்றிதழ் வழி நுழைவு எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்க வேண்டிய சான்றிதழ் அந்த ஃபேன் சான்றிதழ்தான். அது இல்லாத மெஷ், ஒரே விற்பனையாளரிடம் பதினைந்து ஆண்டு அடிமைச் சாசனம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெஷ் தொடக்கத்தில் படுத்தும். தெருவில் பத்துக்கு ஒரு வீட்டில் மட்டும் மீட்டர் மாறியிருக்கும் நாட்களில் கைமாற்ற ஆளில்லாமல் மீட்டர்கள் தனித்து நிற்கும். முதல் மாதங்களில் நாங்கள் கூடுதல் கேட்வேக்களையும் இடைநிலைக் கருவிகளையும் நட வேண்டியிருந்தது. மீட்டர்களைச் சிதறலாக மாற்றாமல் தெருத் தெருவாக மாற்றியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

மின்தடை இன்னொரு கடினமான இடம். மின்சாரம் போன நொடியில் மீட்டர் தன்னுள் இருக்கும் மின்தேக்கியின் கடைசிச் சொட்டு ஆற்றலில் ‘இங்கே மின்சாரம் இல்லை’ என்று ஒரு செய்தி அனுப்பும். மெஷ்ஷில் அந்தச் செய்தியைக் கைமாற்ற வேண்டிய பக்கத்து மீட்டரும் அதே நொடியில் அணைந்துகொண்டிருக்கிறது. எல்லைப்புற மீட்டர்களிலிருந்து மட்டும் செய்தி வந்தாலும் தடைப்பட்ட பகுதியை ஊகித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வீட்டையும் எண்ணிச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். இந்த ஓர் இடத்தில், கோபுரத்தோடு நேராகப் பேசும் என்பி-ஐஓடி தெளிவாக மேல். மின்சாரம் திரும்பும்போதும் ஆயிரம் மீட்டர்கள் ஒன்றாக வலையில் சேர முண்டியடிக்கும். ஒவ்வொன்றும் சற்று மாறுபட்ட நேரம் காத்திருந்து நுழையும்படி அமைத்த பிறகுதான் எங்களுக்கு அது கட்டுக்குள் வந்தது.

அதிகத் தூரம் எட்டும் வைஃபை வகையான வைஃபை ஹேலோ பற்றி அளந்துதான் பேச முடியும். 802.11ஏஎச் என்ற அந்தத் தரநிலை 2017-ல் வெளியானது. ஓர் அணுகுபுள்ளியில் 8191 கருவிகள்வரை சேரலாம், வேகமும் இந்த மூன்றையும் மிஞ்சும். நான் அதைச் சோதனைக்கூட மேசையில் மட்டுமே இயக்கியிருக்கிறேன், தெருவில் இல்லை. அதேபோல் நொடிக்கு 2.4 மெகாபிட் வரை எட்டும் வை-சன்னின் புதிய ஓஎஃப்டிஎம் நிலைகளையும் களத்தில் நான் பயன்படுத்தவில்லை. பாட்டரி மீட்டர்களில் வை-சன் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் என் சொல்லை நம்பி இறங்காதீர்கள். என் அனுபவமெல்லாம் மின்சாரம் எப்போதும் கிடைக்கும் மின்மீட்டரில்தான்.

எங்கள் தேர்வில் ஆறில் ஒரு பங்கோ என்னவோ, தனித்து நிற்கும் பண்ணை மோட்டார்களும் ஒதுக்குப்புற வீடுகளும் செல்பேசி மோடத்துக்குப் போயின. ஒற்றை மீட்டருக்காகக் கேட்வே நடுவது வீண் செலவு. அங்கே என்பி-ஐஓடியோடு எல்டிஇ-எம்மும் சேர்ந்த சிப்பாகக் கேட்டு வாங்கினோம்; ஒன்று நின்றால் மற்றொன்றுக்கு இங்கிருந்தே மாற்றலாம்.

கொள்முதல் ஆவணத்தில் கடைசியாக நான் சண்டைபோட்டுச் சேர்த்தது ஒரே ஒரு வரி: தொடர்புப் பலகை மீட்டரின் அளவீட்டுப் பகுதியிலிருந்து தனியாக, தனி மூடிக்குள் இருக்க வேண்டும், அளவீட்டு முத்திரையைத் தொடாமல் அதைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். இதனால் மீட்டர் சற்றுப் பருமனானது, விலையும் சற்று ஏறியது. விற்பனையாளர்கள் இருவர் முணுமுணுத்தார்கள். எந்தத் தரநிலையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.