சந்தோஷம் என்ற சொல்லின் பழைய பொருள்: பத்து நாள் விபஸ்ஸனா முகாம் பற்றி

எஸ். என். கோயங்கா கற்பித்த முறையில் நடத்தப்படும் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாம் ஒன்றில், சென்னைப் புறநகரில் உள்ள ஒரு மையத்தில், கடந்த மார்கழியில் கலந்துகொண்டு திரும்பினேன். இதில் சேர நினைப்பவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள்: தாக்குப்பிடிக்க முடியுமா, அதனால் என்ன கிடைக்கும்? முதல் கேள்விக்கு, முடியும் என்பதே என் பதில். ஐம்பது வயதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள என்னால் முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு அத்தனை எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. மகிழ்ச்சி கிடைக்கும் என்று நம்பிச் செல்பவர் பாதி வழியில் ஏமாறக்கூடும், நானும் ஏமாந்தேன். அந்த ஏமாற்றத்துடனேயே எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தபோது கிடைத்ததைத்தான் மனநிறைவு என்று இந்த விமர்சனத்தில் குறிப்பிடுகிறேன்.

முகாமின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயருக்குப் பத்து நாள் என்றாலும், முதல் நாளுக்கு முந்தைய மாலையில் போய்ச் சேர்ந்து பதினோராம் நாள் காலையில்தான் வெளியே வரமுடியும். தங்குவதற்கும் உண்பதற்கும் கற்பதற்கும் கட்டணம் கிடையாது. ஒரு முகாமையாவது முழுமையாக முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள். ஆகவே நமக்கான செலவை நமக்கு முன்பு வந்து போன, முகம் தெரியாத யாரோ ஏற்றிருக்கிறார்கள். சமைப்பவர்களையும் மணி அடிப்பவர்களையும் மேற்பார்த்துக்கொண்டிருக்கும் சேவகர்களும் முன்பு இதே முகாமில் உட்கார்ந்து எழுந்தவர்கள், ஊதியம் பெறாதவர்கள். கைபேசி, புத்தகம், பேனா, காகிதம் அனைத்தையும் முதல் மாலையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் நாள் முற்பகல் வரை சக மாணவர்களுடன் பேச்சு இல்லை; சைகையும் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடம், உணவுக்கூடம், நடைபாதை எல்லாம் தனித்தனி.

இம்முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா 1924ஆம் ஆண்டு பர்மாவின் மாண்டலேயில், இந்திய வம்சாவளி வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும் அளவுக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி அவருக்கு இருந்தது. அதற்கு வழி தேடி 1955ஆம் ஆண்டில் சயாஜி ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் சென்றார். சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றிய ஊ பா கின், தலைவலியைப் போக்கிக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று முதலில் மறுத்துவிட்டார். முகாமுக்குப் போகுமுன் இச்செய்தியைப் படித்தபோது, வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப நினைத்தது கடுமையாகத் தோன்றியது. ஏழாம் நாள் மாலையில்தான் அந்த மறுப்பு எதைக் காக்க முயன்றது என்பது எனக்குப் புரிந்தது. கோயங்கா 1969ஆம் ஆண்டு இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். 2013ஆம் ஆண்டு மறைந்தார். இன்றும் அவரது பதிவு செய்யப்பட்ட குரலிலேயே வகுப்புகள் நடக்கின்றன. உதவி ஆசிரியர் ஒருவர் முன்னே அமர்ந்து ஐயங்களுக்கு மட்டும் பதிலளிக்கிறார். மாலை உரையைத் தமிழிலும் கேட்க முடிந்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மலைப்பகுதி ஒன்றில் இருந்த நலவாழ்வு விடுதிக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து மூன்று நாள்கள் சென்றிருந்தேன். எண்ணெய்க் குளியல், இசை, விதவிதமான சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. அங்கே நான் உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் இரண்டாம் நாள் இரவே, இன்னும் ஒரு நாள்தான் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு மனத்தில் தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டியின்போது, அடுத்த முறை பள்ளத்தாக்கு இன்னும் நன்றாகத் தெரியும் மேல்மாடி அறையைக் கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த காபியை எப்போது குடித்து முடித்தேன் என்பதே நினைவில்லை. அந்த விடுதியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். கணக்குப் போட்டது நான்.

விபஸ்ஸனா முகாமில் அந்தக் கணக்குக்கு முதலில் உரம் கிடைக்கிறது. பிறகுதான் அது பட்டினி போடப்படுகிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கிறார்கள். நாலரைக்குத் தியானம், ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினொரு மணிக்கு மதிய உணவு, மாலை ஐந்து மணிக்குத் தேநீர், ஏழு மணிக்கு உரை, ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. இடைப்பட்ட நேரத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். உணவு எளிய சைவம், வயிறாரக் கிடைக்கிறது. ஆனால் பதினொரு மணிக்குச் சாப்பிட்டதுதான் அன்றைய கடைசிச் சாப்பாடு. மாலை ஐந்து மணிக்குப் புதிய மாணவர்களுக்குக் கொஞ்சம் பொரியும் ஒரு வாழைப்பழமும் பால் கலந்த தேநீரும் தருகிறார்கள். முன்பே முகாம் முடித்தவர்களுக்கு அதுவும் இல்லை, எலுமிச்சைச் சாறு மட்டுமே.

அந்தப் பொரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது கோபம். இரண்டாம் நாள், கிண்ணத்தைக் கூம்பாக நிரப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள், எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் பெரிய பழத்தை எடுத்துவிட்டார் என்பதை அரை மணி நேரத் தியானத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்து, வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் மனம் ஒரு வாழைப்பழத்தின் நீளத்தைச் சுற்றி இப்படி வட்டமிடுவதை, பேச ஆளும் பார்க்கத் திரையும் இல்லாத இடத்தில்தான் இவ்வளவு துலக்கமாகக் காண முடியும். எட்டாம் நாள் அளவில் அதே கிண்ணத்தை முக்கால் அளவு எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிடியாக மென்று முடித்தேன். பசி முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் போதும் என்றிருந்தது. வயிறு சொன்ன போதுமாக அது தோன்றவில்லை. எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் மூன்று நாள்கள் ஆனாபானம்: மூக்கின் வழியாக மூச்சு வந்து போவதை மட்டும் கவனிப்பது. நான்காம் நாள் விபஸ்ஸனா கற்பிக்கப்படுகிறது: உச்சி முதல் பாதம் வரை உடலின் ஒவ்வொரு பகுதியிலும் எழும் உணர்ச்சியை, அது சூடோ அரிப்போ வலியோ எதுவானாலும், விரும்பாமலும் வெறுக்காமலும் பார்த்துச் செல்வது. அதன் பிறகு நாள்தோறும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கையைப் பிரிக்காமல், காலை மாற்றாமல் உட்காரும் உறுதிப்பாட்டு அமர்வு உண்டு; அதிட்டானம் என்பார்கள். முழங்கால் வலி தாங்க முடியாதவர்களுக்கு நாற்காலி தருகிறார்கள். நான் தரையிலேயே அமர்ந்தேன், அது வீம்புதான்.

ஆறாம் நாள் பிற்பகலில் வலி கரைந்தது. உடல் முழுவதும் நீரோட்டம் போன்ற மெல்லிய அதிர்வு பரவியது. கண்ணில் நீர் வந்தது. வாழ்நாளில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் உணர்ந்ததில்லை என்றே அன்றிரவு நினைத்தேன். ஏழாம் நாள் காலை அதற்காகவே ஓடிப்போய் உட்கார்ந்தேன். வலி மட்டும்தான் இருந்தது. முற்பகலிலும் அப்படியே. மதிய இடைவேளையில் ஆசிரியரிடம் போய், நேற்று வந்தது ஏன் இன்று வரவில்லை, நான் எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டேன். நேற்று வந்தது போய்விட்டது என்பதைக் கவனித்தீர்களா என்று கேட்டார், கவனித்தேன் என்றேன், அப்படியானால் தவறு எதுவும் இல்லை, போய் உட்காருங்கள் என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பதில் மனத்தில் இறங்க மாலையானது. மலை விடுதியில் மேல்மாடி அறையைக் கேட்ட அதே மனம்தான் இங்கே நேற்றைய அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தது. விடுதியில் அந்த ஆசைக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது, இங்கே இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. நல்ல உணர்ச்சி வரும்போது மகிழ்வதில் பிழை ஏதும் இல்லை. அதற்கு வந்துபோகும் இயல்பு உண்டு, அவ்வளவே. வந்ததோடும் போனதோடும் சேர்ந்து அந்த ஒரு மணி நேரத்தைக் குறையில்லாததாக ஏற்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. ஏழாம் நாள் மாலை அமர்வில், வலி இருந்தபடியே, எதுவும் மாறவேண்டும் என்று தோன்றாமல் சில நிமிடங்கள் கழிந்தன. அதில் பரவசம் கிடையாது, கண்ணீரும் கிடையாது. வெளியே சொன்னால் யாரும் பொறாமைப்படமாட்டார்கள். ஆனால் ஆறாம் நாளின் மகிழ்ச்சியை மீண்டும் பெற விரும்பியதைப் போல இதை மீண்டும் பெற வேண்டும் என்ற தவிப்பு எழவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு அடையாளத்தால்தான் நான் இப்போது அறிகிறேன்.

வீடு திரும்பியபின் சொற்களின் பக்கம் மனம் சென்றது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் மனநிறைவுக்குச் சந்துட்டி என்று பெயர். மங்கல சுத்தம் என்ற புத்தரின் உரை அதை நன்றியறிதலுக்கு முன்னதாக வைத்து எண்ணுகிறது. நாம் அன்றாடம் சொல்லும் சந்தோஷம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். வடமொழி யோக நூல்களில் சந்தோஷம் என்பது இருப்பதில் நிறைவு கொள்ளும் ஓர் ஒழுக்கம், பயிற்சியால் பழகிக்கொள்ள வேண்டியது. தமிழுக்கு வந்து பழகியபின் அச்சொல் கல்யாண வீட்டுக்கும் தேர்வு முடிவுக்கும் போனஸுக்கும் உரியதாகிவிட்டது. மறுபுறம், மகிழ்ச்சி என்ற நம் சொந்தச் சொல்லுக்குப் பழந்தமிழில் கள்ளின் வாடை உண்டு. மகிழ் என்றால் கள்ளுண்ட களிப்பும்தான். நிறை என்ற சொல்லோ நிரம்புதலையும் எடையையும் மட்டுமன்றி, மனத்தைத் தன்வசம் நிறுத்தும் திண்மையையும் குறித்தது. ஏறி இறங்குவது ஒன்று, நிற்பது ஒன்று என்று நம் மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த நெகிழ்ச்சியைத் தந்தது.

ஓர் ஐயத்தை இங்கே சொல்லாமல் விடமுடியாது. இருப்பது போதும் என்று நினைக்கப் பழகினால் மனிதர் முயற்சியை விட்டுவிடமாட்டாரா? அதைவிட முக்கியமாக, வயிற்றுக்கு இல்லாதவரிடம் போதுமென்ற மனத்தைப் பற்றிப் பேசுவது கொடுமையல்லவா? கொடுமைதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். மதியம் வயிறார உண்ட நான் மாலைப் பொரியில் கற்றதை, மதியமே உண்ணாத ஒருவருக்குப் பாடமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. போதும் என்பது ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது மட்டுமே நேர்மையான சொல். கூலி கேட்பவரிடம் முதலாளி சொல்லும்போது அது வேறொன்றாகிவிடும். முயற்சியைப் பொறுத்தவரை என் அனுபவம் வேறு. முகாமில் இருந்து வந்தபின் அலுவலக வேலையை நான் குறைக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் தூக்கம் கெடுவது மட்டும் குறைந்திருக்கிறது.

யாருக்கு இம்முகாமைப் பரிந்துரைப்பேன் என்றால், ஓய்வெடுக்க இடம் தேடுபவர்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். இது ஓய்வு அல்ல, உழைப்பு. மனநல மருந்து எடுத்துக்கொள்பவர்களும் அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் விண்ணப்பத்தில் அதை ஒளிக்காமல் எழுதி, தங்கள் மருத்துவரிடமும் கேட்டபின்பே முடிவு செய்ய வேண்டும். பத்து நாள் மௌனம் சிலருக்குச் சுமையாகிவிடலாம். மாலை உரைகளில் ஒரே கருத்து பல முறை வருவது சிலரைச் சோர்வடையச் செய்யும், எனக்கு அது தேவையாக இருந்தது. மார்கழியில் செல்பவர்கள் ஒரு கனத்த போர்வையையும், கைபேசி இருக்காது என்பதால் ஒரு கடிகாரத்தையும், கொசுவலையையும் கொண்டுசெல்வது நல்லது.

பத்தாம் நாள் முற்பகலில், எல்லா உயிர்க்கும் நலம் வேண்டும் மைத்ரி தியானத்தைக் கற்பித்தபின் மௌனம் விலக்கப்பட்டது. பெரிய பழத்தை எடுத்தவர் என்று நான் மூன்றாம் நாள் மனத்துக்குள் வழக்கு நடத்திய மனிதர்தான் முதலில் வந்து பேசினார். என் இருமல் தணிந்ததா என்று விசாரித்தார். அன்று மாலை நன்கொடை மேசைக்கு முன் வெகுநேரம் நின்றேன். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் ஒரு தொகையை எழுதுவது எளிதாக இல்லை. இன்னொருவரின் பத்து நாள் உணவுக்கு எவ்வளவு ஆகும் என்று உத்தேசமாக எண்ணி, அதை எழுதிக் கொடுத்து ரசீது பெற்றேன். மறுநாள் காலை, அடுத்து வரப்போகிறவருக்காக அறையைப் பெருக்கித் துடைத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைபேசியைத் திரும்ப வாங்கச் சென்றேன். வரிசை நீளமாக இருந்தது. நின்றேன்.