மைன்கிராஃப்ட் கேப்: எந்த வழி நம் பிள்ளைகளுக்கு ஏற்றது?

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் பாத்திரத்தின் முதுகில் தொங்கும் கேப் என்ற போர்வை அடியைத் தாங்காது, ஓட்டத்தையும் கூட்டாது. 10க்கு 16 படப்புள்ளிகள் கொண்ட ஒரு கோலம், அவ்வளவுதான். ஆனால் விளையாட்டில் பறக்க உதவும் எலிட்ரா சிறகை மாட்டினால் கேப் மறைந்து, அதன் வண்ணம் இரு சிறகுகளிலும் படர்ந்துவிடும். அதை முதன்முதலில் பார்த்த என் மகள், சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டையும் மறந்து, மலையுச்சிக்கு ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள்.

மைன்கிராஃப்ட் ரசிகர்களுக்கான மைன்கான் மாநாட்டுக்குச் சென்றோருக்குத் தரப்பட்ட கேப்புகளே மதிப்பு மிக்கவை. 2011இல் லாஸ் வேகஸில் விளையாட்டின் அரக்கனான கிரீப்பரின் முகம் பொறித்த சிவப்பு, 2012இல் பாரிஸில் தங்கக் குந்தாலி பொறித்த நீலம் என்று தொடங்கி 2016 வரை வந்த அவற்றில் ஒன்றுகூட ஆசியாவில் வழங்கப்படவில்லை. அதற்காக, அந்தக் கேப் உள்ள கணக்கை விலைக்கு வாங்கித் தர எந்தப் பெற்றோரும் துணிய வேண்டாம்: அது விதிமீறல், பழைய உரிமையாளர் கணக்கை மீட்டுக்கொண்டால் பணமும் போய்விடும். விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தின் பழைய கணக்கை மைக்ரோசாஃப்டுக்கு மாற்றியவர்களுக்கான மைக்ரேட்டர் கேப்பும் 2023 செப்டம்பரோடு முடிந்த கதை.

உண்மையான போட்டி 2024இல் விளையாட்டின் 15ஆம் ஆண்டு நிறைவையொட்டி வந்த கேப்புகளுக்கிடையில்தான் இருந்தது. நேரலைத் தளமான டுவிட்சில் நேரலையைச் சில நிமிடங்கள் பார்த்தால் பர்ப்பிள் ஹார்ட் கேப், டிக்டாக்கில் பார்த்தால் ஃபாலோவர்ஸ் கேப் கிடைத்தது. அப்படிக் கிடைத்த குறியீட்டை மைன்கிராஃப்ட் தளத்தில் பதிய வேண்டியிருந்தது. பர்ப்பிள் ஹார்ட் அழகாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இரு தளங்களிலும் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயதாக வேண்டும். அப்போது தொடக்கநிலை 5இல் இருந்த என் மகளுக்காக வயதை மாற்றிப் பதிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆண்டு நிறைவுக் கேப்போ, மே 15 முதல் ஜூன் 15 வரை விளையாட்டுக்குள் நுழைந்து பெற்றுக்கொண்டாலே போதும் என்றது. புதிய கணக்கு வேண்டாம், யாரையும் பின்தொடர வேண்டாம். ஜூன் பள்ளி விடுமுறையும் அதற்குள் தொடங்கிவிட்டதால் பாடவேலையோடு மோதவும் இல்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இதையே நான் தயங்காமல் முதலிடத்தில் வைத்தேன். கணினிக்கான ஜாவா பதிப்பில் கிடைத்த கேப் தானாக முதுகில் ஏறாது. விளையாட்டைத் தொடங்கும் செயலியான லாஞ்சரின் ஸ்கின் (தோற்றம்) பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், என் மகள் அது தெரியாமல் ஒரு மாலை முழுதும் தேடினாள்.