மெக்பெத்: 1971 திரைப்படமா, 1979 தொலைக்காட்சிப் பதிவா?

ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்'தை ஒருமுறைதான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

களம்
இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியின் 1971 படம்: சேறு, மழை, வேல்ஸ் மலைகள், நிஜக் கோட்டைகள்.
இயக்குநர் ட்ரெவர் நன் மேடையேற்றியதன் 1979 பதிவு: இருட்டு, முகங்கள். அவ்வளவுதான்.

கொலை
நாடகத்தில் மெக்பெத் மன்னன் டங்கனைக் கொல்வது மேடைக்கு வெளியே நடக்கும். போலன்ஸ்கி அதைக் கண்முன் காட்டுகிறார். நன் காட்டுவதில்லை, கொன்றுவிட்டு வந்தவனின் நடுங்கும் கைகளே போதும் என்று விடுகிறார். எனக்கு இதுதான் அதிகம் பயம் தந்தது.

வசனம்
இங்கேதான் வித்தியாசம் பெரிது. படத்தில் மெக்பெத்தாக வரும் ஜான் ஃபின்ச் தனிமொழிகளில் பெரும்பகுதியை உதடசையாமல், மனக்குரலாகச் சொல்கிறார். இயல்பாக இருக்கிறது, ஆனால் கவிதையின் வேகம் குறைகிறது. பதிவின் மெக்பெத்தான இயன் மெக்கெல்லன் ஒவ்வொரு சொல்லையும் நம் முகத்துக்கு நேரே பேசுகிறார். அப்புறம் மெக்பெத்தின் மனைவியாக ஜூடி டென்ச்: தூக்கத்தில் நடக்கும் காட்சியில் அவர் எழுப்பும் அந்த நீண்ட ஓலத்துக்காகவே பதிவைப் பார்க்கலாம்.

முடிவு
படம் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது: டங்கனின் இளைய மகன் டொனால்பெயின், மெக்பெத்துக்குக் குறி சொன்ன சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். துணிச்சலான சேர்க்கை.

கதையே தெரியாதவர்கள், வன்முறையைத் தாங்க முடியுமென்றால், படத்தில் தொடங்கலாம். நாடகத்தைப் படித்தவர்கள், நடிப்புப் பயில்பவர்கள் தயங்காமல் 1979 பதிவுக்குப் போங்கள்.