கோர்ட் பக்கத்து மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்: வக்கீல் ஆபீஸ் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு

மதுரை மாவட்ட கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். டைப்பிங், ஃபைலிங், வாய்தா டைரி, கட்சிக்காரர்களின் போன் எல்லாம் என் பொறுப்பு. "அக்கா, லீகல் செக்ரட்டரி ஆக என்ன படிக்கணும், பாராலீகல் கோர்ஸ் ஏதாவது சொல்லுங்க" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். (பாராலீகல் என்றால் வக்கீலாக இல்லாமல் சட்ட வேலையில் உதவி செய்பவர்.) ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் நான் படித்த இடத்தைப் பற்றி இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். பெயர் மட்டும் போடவில்லை. இருப்பதே பதினான்கு மெஷின், கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது என்று மாஸ்டரே வேண்டாம் என்றுவிட்டார். அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான், மாடி ஏறும்போதே சத்தம் கேட்கும்.

நம் நாட்டில் லீகல் செக்ரட்டரிக்கென்று தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. இது தெரியாமல் 2019-ல் ஆன்லைனில் ஒரு "பாராலீகல் சர்டிபிகேட்" கோர்ஸுக்கு 11,500 ரூபாய் கட்டினேன். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். பி.டி.எஃப் பன்னிரண்டு வந்தது, கடைசியில் தங்கக் கலர் பார்டர் போட்ட சர்டிபிகேட் ஒன்று வந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் சீனியர் வக்கீல் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஹையர் முடிச்சிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஹையர் என்றால் அரசு தொழில்நுட்பத் தேர்வில் டைப்ரைட்டிங் சீனியர் கிரேடு. அன்றைக்கு என்னிடம் அதற்குக் கீழே இருக்கிற லோயர், அதாவது ஜூனியர் கிரேடுகூட இல்லை.

இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பாராலீகல் பிராக்டீஸ் டிப்ளமோ ஒன்று இருக்கிறது, +2 முடித்தவர்கள் சேரலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். கோர்ட் அமைப்பு, அடிப்படைச் சட்டம் எல்லாம் ஒழுங்காகப் புரியும், நேரம் இருப்பவர்கள் படியுங்கள். ஆனால் அது கைக்கு வேகம் தராது. அப்புறம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாராலீகல் வாலன்டியர் என்று எடுக்கிறார்களே, அது மக்களுக்குச் சட்ட உதவி கிடைக்க வழிகாட்டுகிற தொண்டு. நல்ல வேலைதான், ஆனால் அதை ஆபீஸ் வேலைக்கான தகுதி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இன்ஸ்டிடியூட்டுக்கு வருகிறேன். காலை 6 மணிக்கே முதல் பேட்ச் ஆரம்பித்துவிடும், அதனால் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கலாம். முதல் பத்து நாள் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், தமிழ் என்றால் யளனகபக, வேறு எதுவும் கிடையாது. கீயைக் குனிந்து பார்த்தால் மாஸ்டர் பழைய நாளிதழ் ஒன்றை எடுத்துக் கை மேல் விரித்துவிடுவார், திட்ட மாட்டார். தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துவது. ஆங்கில லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஐந்து எழுத்தை ஒரு வார்த்தையாகக் கணக்கு வைப்பதால் ஹையரில் 10 நிமிஷத்துக்கு 2,250 தட்டு வரும். வீட்டில் கம்ப்யூட்டரில் வேகமாக அடிப்பவர்கள் இங்கே வந்து முதல் வாரம் அழுவார்கள், ஏனென்றால் மெஷினில் பேக்ஸ்பேஸ் அடித்தாலும் விழுந்த எழுத்து விழுந்ததுதான். அந்தப் பயத்தில்தான் விரல் ஒழுங்காகிறது. நான் 2022-ல் லோயரும் 2023-ல் ஹையரும் முடித்தேன், இரண்டுக்கும் மாதக் கட்டணம் போக எக்ஸ்ட்ரா ஒரு ரூபாய் வாங்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன்னால் மூன்று மாதம் போன வேறொரு இடத்தில் மெஷின் வாடகை, ஹால் செலவு, அது இது என்று தேர்வு நெருங்க நெருங்கக் கறந்துகொண்டே இருந்தார்கள்.

இவ்வளவும் ஊரில் மற்ற நல்ல இன்ஸ்டிடியூட்டிலும் கிடைக்கும். நான் இந்த இடத்தைச் சிபாரிசு செய்வது சனிக்கிழமை சாயங்கால கிளாஸுக்காக. கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார் அதை எடுக்கிறார். பிட்மேன் ஷார்ட்ஹேண்டும் (சுருக்கெழுத்து) சொல்லித் தருவார், ஜூனியர் கிரேடு தேர்வுக்கு நிமிஷத்துக்கு 80 வார்த்தை டிக்டேஷன். மெல்லிய கோடு போட்டால் 'ப' ஒலிக்கு ஒரு எழுத்து, அதையே அழுத்திப் போட்டால் வேறு எழுத்து, அதற்காகவே பென்சிலை எப்படிச் சீவ வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவருடைய உண்மையான பாடம் ஒப்பிட்டுப் பார்ப்பது.

கோர்ட்டில் காப்பியிஸ்ட் செக்ஷன் என்று ஒன்று உண்டு, சான்றிட்ட நகல் தயாராகிற இடம். அங்கே ரீடர் என்று ஒரு வேலை, எக்ஸாமினர் என்று ஒரு வேலை. ஒருவர் அசலை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் நகலை வரிவரியாகச் சரிபார்ப்பார். சார் அதை அப்படியே கிளாஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒரு பிராதின் (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனு) சொத்து விவரத்தைக் கொடுப்பார். புல எண் 112/3ஏ1 என்றால் "நூற்றுப் பன்னிரண்டு" என்று படிக்கக் கூடாது. "ஒன்று, ஒன்று, இரண்டு, பை, மூன்று, ஏ, ஒன்று" என்று ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். நான்கெல்லையை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று விரலை வைத்துப் படிக்க வேண்டும். "கண்ணு தெரிஞ்சதைத்தான் பாக்கும்மா, காதுதான் இருக்கறதைக் கேக்கும்" என்பார்.

இதன் அருமை எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கிளாஸில் சேர்வதற்கு முன்பு, ஒரு பாகப்பிரிவினை வழக்கில் 113/2 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 112/3 என்று அடித்துவிட்டேன். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. பிராதைத் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 6 ரூல் 17-ன் கீழ் தனியாக ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டோம், அவர்கள் ஆட்சேபணை போட்டார்கள், அந்த ஒரு எண்ணுக்காக நாலு வாய்தா போனது. வாதி ஒரு வயசான அம்மா, ஒவ்வொரு தடவையும் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் இருந்த மஞ்சள் பையை இன்னும் மறக்கவில்லை. இப்போது எங்கள் ஆபீஸில் ஜூனியர் வக்கீலை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லாமல் எந்தச் சொத்து விவரத்தையும் நான் பிரிண்ட் போடுவதில்லை.

2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோதும் இந்தக் கிளாஸ்தான் கை கொடுத்தது. எங்கள் கையெல்லாம் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜாமீன் மனு என்றால் பிரிவு 439, முன்ஜாமீன் என்றால் 438, ஹைகோர்ட்டில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்பது 482. அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்-ல் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) ஜாமீன் 483, முன்ஜாமீன் 482, ரத்து மனு 528. கவனியுங்கள், 482 என்ற எண் அப்படியே இருக்கிறது, ஆனால் மனு வேறு. பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அடித்தால் மாட்டிக்கொள்வோம். சார் பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு நாம் 65பி சர்டிபிகேட் என்று சொல்லிப் பழகியது இப்போது பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63 என்பதும் அந்தத் தாளில்தான் முதலில் பார்த்தேன். இன்னும் என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் ரொம்ப பலவீனம். ஐந்து சிஸ்டம்தான், அதிலும் தமிழ் ஃபான்ட் ஒழுங்காக இருப்பது மூன்றில். அரசு டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்டிபிகேட்டும் வேண்டும், அதற்கு நான் வேறு இடத்தில்தான் படித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஈ-ஃபைலிங் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லித் தரமாட்டார்கள். பி.டி.எஃப் சேர்ப்பது, பக்க எண் போடுவது, ஸ்கேன் தெளிவு இதெல்லாம் ஆபீஸில் அடிபட்டுத்தான் கற்றேன். ஏழாம் நம்பர் மெஷினில் ஷிஃப்ட் கீ பாதி ஏறாது, கேபிடல் எழுத்து வரியை விட்டு மேலே நிற்கும். அதில் உட்கார வைத்தால் வேறு மெஷின் கேளுங்கள், கொடுப்பார்கள். மே மாதத்தில் மத்தியான பேட்ச் வேண்டாம், தகர ஷீட் போட்ட மாடி.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பவர்களுக்கு: தினம் ஒரு மணி நேரம் விடாமல் போனால் லோயர் ஆறு மாதத்தில் தாராளமாக எழுதலாம். ஷார்ட்ஹேண்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஒதுக்குங்கள், நடுவில் விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம், என்னோடு சேர்ந்த ஒன்பது பேரில் ஜூனியர் எழுதியது நாங்கள் மூன்று பேர்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகளும் இந்த சனிக்கிழமை கிளாஸுக்கு வரலாம், சார் தனிக் கட்டணம் கேட்பதில்லை.

போன வாரம் சித்தி மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். காலை 6 மணி பேட்ச், ஜன்னல் ஓரம் மூன்றாம் நம்பர் மெஷின். நேற்று போன் பண்ணினாள், சுண்டு விரல் வலிக்கிறதாம். எனக்கும் முதல் வாரம் அங்கேதான் வலித்தது.