டர்புஹேலர் - பம்ப மாத்துனா இழுக்குற விதத்தையும் மாத்தணும்ங்க

நாங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல மெரிபேங்க். ரிஃபைனரி புகையில வளர்ந்த ஏரியா, தெருவுக்கு நாலு வீட்லயாவது ஆஸ்துமா பம்ப் இருக்கும். அம்மா 15 வருஷமா அமுக்குற பம்ப்தான், ஸ்பேசர் (பம்புல மாட்டுற குழாய்) போட்டு அழகா எடுப்பாங்க. மெடிக்கல் எய்ட், அதான் இங்க நம்ம மருத்துவ காப்பீடு, இனி அதுக்கு முழுசா காசு குடுக்காதுன்னு பார்மசில டர்புஹேலர்ங்கற பவுடர் பம்ப கைல குடுத்து அனுப்பிட்டாங்க, எப்படி எடுக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு அதுதான் இன்னும் ஆறல.

மூணு வாரத்துல ராத்திரி இருமல், மாடிப்படி ஏறுனா இழுப்பு, மூச்சுத் திணறுனா உடனே எடுக்குற நீல பம்ப் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. புது மருந்து சரியில்லனுதான் நெனச்சோம். கிளினிக்ல நர்ஸக்கா "எடுத்துக் காட்டுங்கம்மா"ன்னாங்க. அம்மா பழைய பழக்கத்துல நல்லா குலுக்கி, பம்ப படுக்க வச்சு திருகி, மெதுவா இழுத்தாங்க.

அங்கதாங்க தப்பு. பழைய பம்ப்ல கேஸ் மருந்த தள்ளிவிடும், அதனால மெதுவா ஆழமா இழுக்கணும். இது பவுடர், தள்ளிவிட எதுவும் இல்ல, நம்ம மூச்சுதான் அத பிரிச்சு நெஞ்சுக்குள்ள கொண்டுபோகணும், அதனால ஆரம்பத்துலயே வேகமா பலமா இழுக்கணும். குலுக்கக் கூடாது. நிமித்தி வச்சு அடிப்பகுதிய ஒரு பக்கம் திருகி, திரும்ப மறுபக்கம் கிளிக் வர்ற வரைக்கும் திருகணும். மூச்ச வெளிய விடறது வாய்ல வைக்கறதுக்கு முன்னாடி, பம்புக்குள்ள ஊதிடக் கூடாது. அக்கா ஒரு விசில் குடுத்தாங்க, சரியான வேகத்துல இழுத்தாதான் சத்தம் வரும், அம்மாவுக்கு நாலாவது தடவைதான் வந்துச்சு.

இன்னொண்ணு, குலுக்குனா கட கடன்னு கேக்கும், அம்மா அத காதுல வச்சு "மருந்து இருக்குடா"ம்பாங்க. அது மருந்து இல்ல, ஈரத்த உறிஞ்சுற பொருள், காலியானாலும் கேக்கும். சின்ன ஜன்னல்ல சிவப்புல 0 வந்துச்சான்னு பாருங்க. நாக்குல ருசியே தெரியாது, மருந்து வரலன்னு நெனச்சு திரும்ப எடுத்துடாதீங்க. எடுத்ததும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா வாய்ல வெள்ளை படியும்.

ரெண்டு மாசமா அம்மா ராத்திரி தூங்குறாங்க, நீல பம்ப் டிராயர்லயே கெடக்கு. சாமான் நல்ல சாமான், 5க்கு 4. ஒண்ணு ஏன் குறைச்சேன்னா, மூச்சு பலமில்லாதவங்களுக்கும் சின்னப் புள்ளைங்களுக்கும் இது தோதுப்படாது, அவங்களுக்கு ஸ்பேசர் போட்ட பம்பே நல்லது, மாத்தச் சொன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க. வாங்குறவங்க கவுன்ட்டர விட்டு நகராம, அங்கயே எடுத்துக் காட்டச் சொல்லுங்க. டர்பன் வெக்கைக்கு பாத்ரூம்ல வைக்காதீங்க, தண்ணில கழுவாதீங்க, ஈரம் பட்டா பவுடர் கட்டிக்கும்.